ப்ரோச்சைக் குப்புறப் போட்டுப் பாருங்கள்: ஏலத்துக்கு வரும் பழைய வடிவமைப்பாளர் நகையை வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

நம் ஊர் நகைக் கணக்கு எளிமையானது. எத்தனை பவுன் என்று பார்ப்போம், கல்லின் எடையைக் கழிப்போம், செய்கூலியையும் சேதாரத்தையும் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்போம். அலுத்துப்போனால் அழித்து வேறொன்று செய்துகொள்வோம். ஜெனிவாவிலோ நியூயார்க்கிலோ ஏலத்துக்கு வரும் பெயர்பெற்ற வடிவமைப்பாளரின் பழைய ப்ரோச்சை, அதாவது ஆடையில் ஊசியால் குத்திக்கொள்ளும் நகையை, பார்க்க இந்தக் கணக்கோடு போனால் தலை சுற்றும். அங்கே தங்கத்தின் விலை ஒரு மூலைக்குக் காணாது. பல நேரம் கல்லுக்கும் பெரிய விலை இராது. நாம் சேதாரத்தோடு சேர்த்துத் தள்ளும் செய்கூலிக்குத்தான் அவ்வளவு பணமும். அதனால் கேட்க வேண்டிய கேள்வியும் வேறு: இந்த நகை பட்டறையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா, இடையில் யாராவது கை வைத்தார்களா?

எங்கள் ஊரில் நகை செய்யும் பத்தர் ஒருவர் எந்த நகையைக் கொடுத்தாலும் முதலில் குப்புறப் போட்டுத்தான் பார்ப்பார். கீழே வருவதெல்லாம் ஏறக்குறைய அவருடைய பழக்கத்தின் விரிவுரைதான்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் பிடிபடாது. ஒரு நகையைக் கையில் வைத்துக்கொண்டே பேசலாம்: அமெரிக்காவின் டிஃப்பனி நகை நிறுவனத்துக்காக ழான் ஷ்லம்பெர்ழே வடிவமைத்த ‘பாறை மேல் பறவை’. வழவழவென்று பட்டை தீட்டிய ஒரு பெரிய வண்ணக்கல், அதன் தலையில் வைரம் பதித்த ஒரு சின்னப் பறவை. கல் சிட்ரினாக இருக்கலாம், அமெதிஸ்டாக, அக்வாமரினாக, குன்சைட்டாக, லாபிஸ் லாஜுலியாக இருக்கலாம். ஏலப் பட்டியல்களில் இது அடிக்கடி தலைகாட்டும் நகை என்பதால் பழகிப் பார்க்கவும் ஏற்றது.

படி 1: ஆளையும் ஆண்டையும் தெரிந்துகொள்ளுங்கள்

ஷ்லம்பெர்ழே 1907இல் மூலூஸ் நகரில் பிறந்தவர். இன்று பிரான்ஸில் இருக்கும் அந்த ஊர் அப்போது ஜெர்மனியின் பிடியில் இருந்தது. 1930களில் பாரிஸின் ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லிக்குப் பொத்தான்கள் செய்து பெயர் வாங்கினார். போருக்குப் பின் நியூயார்க்கில் கடை வைத்தார். 1956இல் டிஃப்பனியில் சேர்ந்தார், 1987இல் காலமானார். ‘பாறை மேல் பறவை’ 1965இல் வந்தது.

இந்த ஆண்டுகளுக்கு வேலை இருக்கிறது. யாராவது ‘1950களின் பாறை மேல் பறவை’ என்று விற்றால் அங்கேயே எழுந்துவிடலாம். இன்னொரு சிக்கல் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: டிஃப்பனி இந்த வடிவத்தை இன்றும் செய்து விற்கிறது. ஆகவே உண்மையான டிஃப்பனி என்பதாலேயே அது பழைய நகை ஆகிவிடாது. வடிவமைப்பாளர் உயிரோடு இருந்தபோது செய்ததா, போன பத்தாண்டில் செய்ததா என்பதுதான் விலையைப் பிரிக்கும் கோடு.

கற்களும் நாள்காட்டி மாதிரிதான். டான்சனைட் என்ற கல் 1967இல்தான் தான்சானியாவில் கிடைத்தது. ‘1940’ என்று எழுதிய ப்ரோச்சில் அது இருந்தால், ஆண்டு பொய் அல்லது கல் மாற்றியது. வைரம் போல் தோன்றும் செயற்கைக் கல்லான க்யூபிக் சிர்கோனியா சந்தைக்கு வந்தது 1970களில். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பிளாட்டினத்தை நகைக்குப் பயன்படுத்தத் தடை இருந்ததால், 1943ஆம் ஆண்டு அமெரிக்க நகை என்று சொல்லிப் பிளாட்டினத்தில் ஒன்றைக் காட்டினால் இன்னொரு கேள்வி கேட்கத் தோன்ற வேண்டும்.

படி 2: பட்டியலின் தலைப்பை வக்கீல் மாதிரி படியுங்கள்

ஏல நிறுவனங்கள் சொற்களைச் சும்மா போடுவதில்லை. தலைப்பிலேயே வடிவமைப்பாளரின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இருந்தால், ‘இது அவர்கள் செய்தது என்று நாங்கள் பொறுப்பேற்கிறோம்’ என்று பொருள். ‘கையொப்பம் உள்ளது’ என்று மட்டும் இருந்தால், கையொப்பம் இருக்கிறது, அது அவர்களுடையதுதான் என்பது நிறுவனத்தின் கருத்து. ‘இன்னாரால் பதிக்கப்பட்டது’ என்றால் கற்கள் வாடிக்கையாளர் கொண்டுவந்தவை, அவற்றைப் பிடிக்கும் உலோக வேலை மட்டும் அந்தப் பட்டறையினுடையது. ‘இன்னாருடையது என்று கருதப்படுகிறது’ என்றால் ஊகம். ‘இன்னாரின் பாணியில்’ என்றால் அந்த ஆளுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கிறிஸ்டீஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் ஐந்து ஆண்டு வரை உண்மைத்தன்மைக்கு உறுதி தருகின்றன. ஆனால் அந்த உறுதி பெரும்பாலும் தலைப்பில் அழுத்தமாக அச்சிட்ட சொற்களுக்கு மட்டும்தான். கீழே பொடி எழுத்தில் வரும் அழகான கதைக்கு இல்லை. பட்டியலின் கடைசிப் பக்கங்களில் இந்தச் சொற்களுக்கெல்லாம் பொருள் அச்சிட்டிருப்பார்கள். யாரும் படிப்பதில்லை. நீங்கள் படியுங்கள்.

படி 3: குப்புறப் போடுங்கள்

ஏலத்துக்கு முன்னால் சில நாட்கள் நகைகளைப் பார்வைக்கு வைப்பார்கள். பெரும்பாலும் கட்டணம் கிடையாது. வாங்கும் வசதி இருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கையில் வாங்கிப் பார்க்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். நேரில் போக முடியாதவர்கள் பின்பக்கம், பக்கவாட்டு, ஊசி, முத்திரை ஆகியவற்றின் படங்களைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் அனுப்புவார்கள்.

முதலில் முத்திரை. அமெரிக்காவில் அரசு ஹால்மார்க் முறை இல்லை, செய்தவரே தன் முத்திரையைக் குத்திக்கொள்வார். ஆகவே டிஃப்பனி ப்ரோச்சில் நீங்கள் தேடுவது நிறுவனத்தின் பெயர், ஷ்லம்பெர்ழேயின் பெயர், தங்கம், பிளாட்டினம் ஆகியவற்றின் தரக் குறி. பழைய அமெரிக்க வேலையில் தங்கத்துக்குப் பெரும்பாலும் ‘18கே’ என்றும், அண்மைக்கால வேலையில் ‘750’ என்றும் இருக்கும். பிரெஞ்சு நகை என்றால் சாட்சி கூடுதல்: 18 கேரட் தங்கத்துக்கு 1838 முதல் கழுகுத் தலை, பிளாட்டினத்துக்கு 1912 முதல் நாய்த் தலை, அதோடு பட்டறைக்காரரின் எழுத்துகள் அடங்கிய சாய்சதுரக் குறி. இந்தச் சாய்சதுரம் கடையின் பெயரைச் சொல்லாது, உண்மையில் செய்த கையைச் சொல்லும். பாரிஸின் பெரிய கடைகள் பலவும் வெளிப் பட்டறைகளில்தான் வேலை வாங்கின.

முத்திரை இருப்பதால் மட்டும் மயங்காதீர்கள். நகையில் போலி செய்ய மிக எளிதான பாகம் கையொப்பம்தான். லென்ஸில் எழுத்தின் ஓரங்களைப் பாருங்கள். நாற்பது ஐம்பது ஆண்டு துணியில் உரசிய எழுத்து சற்று மழுங்கியிருக்கும். சுற்றியுள்ள உலோகம் தேய்ந்திருக்க, எழுத்து மட்டும் நேற்று வெட்டியது போல் கூர்மையாக இருந்தால் சந்தேகம். பெயர் பொறித்த சின்னத் தகடு தனியாக ஒட்டியிருந்தால், அதைச் சுற்றிப் பற்றாசு (உலோகத்தை ஒட்டவைக்க உருக்கி ஊற்றுவது) எப்படி ஓடியிருக்கிறது என்று பாருங்கள்.

கையொப்பமே இல்லாத மேதைகளும் உண்டு. பாரிஸின் சுசான் பெல்பெரோன் (1900–1983) தன் நகைகளில் பெயர் போடுவதே இல்லை. அவருடைய நகை என்று அடையாளம் காண வடிவம், பட்டறைக் குறி, பழைய வரைபடங்கள் ஆகியவைதான் வழி. அவர் பெயர் பொறித்து ஒரு ப்ரோச் வந்தால், அந்தப் பெயரே அதற்கு எதிரான சாட்சி.

அடுத்து ஊசியும் கொக்கியும். ப்ரோச்சில் முதலில் உடைவது இதுதான், மாற்றப்படுவதும் இதுதான். ஊசியின் நிறம் மற்ற தங்கத்தோடு ஒத்துப்போகிறதா? கீலுக்குக் கீழே உலோகம் திட்டுத் திட்டாக வேறு நிறத்தில் தெரிகிறதா? முன்பு எங்கேயோ இருந்த கொக்கியை எடுத்த தழும்பு இருக்கிறதா? ஊசி மாற்றியது பெரிய குற்றமில்லை, விலை சற்றுக் குறையும், அவ்வளவே. ஈயப் பற்றாசு வேறு கதை. சாம்பல் நிறத்தில், மந்தமாக, சொட்டுச் சொட்டாக நிற்கும் அதைக் கண்டால் நான் அந்த நகையை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். தங்கத்தில் ஈயம் பட்டால் பிறகு சூடுகாட்டிச் செய்யும் எந்த ரிப்பேரும் தங்கத்தைத் தின்னும்.

கடைசியாக, பின்பக்கத்தின் வேலைப்பாடு. நல்ல பட்டறையில் ஒவ்வொரு வைரத்துக்குப் பின்னாலும் வெளிச்சம் போகத் துளை வெட்டி, அதன் ஓரங்களையும் தேய்த்து வழவழப்பாக்கி இருப்பார்கள். யாரும் பார்க்காத இடத்துக்கு இவ்வளவு மெனக்கெடல். அச்சில் வார்த்து அவசரமாக முடித்த நகலில் அந்தத் துளைகள் ஒழுங்கற்று, குண்டூசி முனை அளவு பொத்தல்களோடு இருக்கும். முன்பக்கம் பறவை எவ்வளவு அழகாகச் சிறகு விரித்தாலும், பின்பக்கம் அப்படி இருந்தால் அது வேறு கூட்டின் பறவை.

படி 4: பாறையைச் சோதியுங்கள்

‘பாறை மேல் பறவை’யில் பறவையை மாற்றுவது கடினம், பாறையை மாற்றுவது எளிது. பெரிய கல் உடைந்தோ கீறியோ போனால் வேறொன்றை வைத்துவிடலாம். விலைமலிந்த சிட்ரினைக் கழற்றி விலையுயர்ந்த அக்வாமரினை வைத்துவிடவும் ஆசை வரும். பறவையின் தங்கக் கால்களும் கல்லைப் பிடிக்கும் கொக்கிகளும் கல்லின் வளைவோடு பொருந்தி உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இடைவெளி தெரிந்தாலோ, காலை வெட்டி நீட்டியது போல் இருந்தாலோ, இந்தக் கல்லுக்காகச் செய்த கால் அல்ல அது.

தேய்மானம் நேர்மையான சாட்சி. சிட்ரினும் அமெதிஸ்டும் குவார்ட்ஸ் (படிகக்கல்) வகை, கடினத்தன்மை பத்துக்கு 7. பல ஆண்டு அணிந்தால் பட்டைகளின் விளிம்பில் நுண்ணிய உராய்வு வரும். உலோகம் தேய்ந்து, கல் மட்டும் கண்ணாடிபோல் புதிதாக இருந்தால் மாற்றியிருக்கலாம் அல்லது மறுபடி பட்டை தீட்டியிருக்கலாம். நேரடியாகவே கேளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. நம் ஊரில் சிட்ரினைப் புஷ்பராகம் என்று சொல்லி விற்கும் வழக்கம் இருப்பதால், ‘இவ்வளவு பெரிய புஷ்பராகம் இவ்வளவு மலிவா’ என்று மனசு துள்ளும். அது குவார்ட்ஸ். சந்தையில் கிடைக்கும் சிட்ரினில் பெரும்பகுதி சூடுபடுத்திய அமெதிஸ்டுதான். அதில் ஏமாற்று இல்லை, கல்லுக்குத் தனி மதிப்பு குறைவு, அவ்வளவுதான். குன்சைட் வேறு ரகம். டிஃப்பனியின் ரத்தினவியலாளர் ஜார்ஜ் ஃப்ரெடரிக் குன்ஸின் பெயரைத் தாங்கிய அந்த இளஞ்சிவப்புக் கல் பலத்த வெளிச்சத்தில் நாளாக ஆக வெளுக்கும். பழைய குன்சைட் பறவையின் பாறை வெளிறி இருந்தால் காரணம் சன்னலோர அலமாரியாக இருக்கலாம்.

நீலம், மாணிக்கம், மரகதம் பதித்த ப்ரோச் என்றால் ஆட்டம் பெரிது. அங்கே ஆய்வுக்கூட அறிக்கை இல்லாமல் பேசவே கூடாது. சுவிட்சர்லாந்தின் எஸ்எஸ்இஎஃப், குபெலின், நியூயார்க்கின் ஏஜிஎல், அப்புறம் ஜிஐஏ ஆகிய ஆய்வுக்கூடங்களின் பெயரைத்தான் ஏலப் பட்டியல்களில் பார்ப்பீர்கள். அறிக்கையில் மூன்றைத் தேடுங்கள்: கல் இயற்கையானதா, எந்த நாட்டுக் கல், சூடுபடுத்தியதா அல்லது எண்ணெய் ஊட்டியதா. அறிக்கையின் தேதியையும் பாருங்கள். பத்து ஆண்டு பழைய தாள் என்றால் புதிதாக ஒன்று எடுத்துத் தரச் சொல்லலாம்.

இலங்கை நீலம் இங்கே ஒரு சுவையான துப்பு தரும். ‘கெவுட’ என்று அங்கே சொல்லும் பால்நிறக் கல்லைக் கடும் சூட்டில் வாட்டினால் நல்ல நீலமாகும் என்பது தாய்லாந்து வியாபாரிகள் வழியாக 1970களில்தான் பெரிய தொழிலானது. அதற்கு முன் அந்தக் கற்களுக்கு மதிப்பே இல்லை. 1935ஆம் ஆண்டு ப்ரோச்சில் கடும் சூடு கண்ட இலங்கை நீலம் இருந்தால், பின்னாளில் யாரோ கல்லை மாற்றியிருக்கிறார்கள் என்றே நினைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்திலும் ஒரு பாடம் உண்டு: செயற்கை மாணிக்கம் 1902 முதலே இருக்கிறது. ‘பழைய நகை, அதனால் நிஜக் கல்’ என்ற நம்பிக்கை பாட்டி காலத்து மூக்குத்தியிலேயே பலருக்குப் பொய்த்திருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். ஆய்வுக்கூடம் கல்லுக்குத்தான் சாட்சி சொல்லும், வடிவமைப்பாளருக்குச் சொல்லாது.

படி 5: நிலை அறிக்கையும் பூர்வீகமும்

நகை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று நிறுவனம் எழுதித் தரும் நிலை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ‘வயதுக்கேற்ற தேய்மானம்’ என்ற சொற்றொடர் எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் மூடிவிடும். குறிப்பாகக் கேளுங்கள்: எந்தக் கல்லாவது மாற்றியதா, ஊசி மூலத்தினுடையதா, பற்றாசுத் தடம் எங்கே இருக்கிறது, கற்களின் எடை எடுத்துப் பார்த்ததா அல்லது அளவை வைத்துக் கணித்ததா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் ‘கணித்தது’ என்றுதான் பதில் வரும், ஏனென்றால் கல்லைக் கழற்றமாட்டார்கள். கழற்றாமல் இருப்பதே நல்லது.

பூர்வீகம், அதாவது நகை முன்பு யாரிடம் இருந்தது என்பது, விலையை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு ஒரு கதை போதும். முடிதுறந்த பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டின் மனைவியான விண்ட்சர் கோமகளின் நகைகளைச் சாத்பீஸ் ஏல நிறுவனம் 1987 ஏப்ரலில் ஜெனிவாவில் ஏலம் விட்டது. வேல்ஸ் இளவரசரின் சிறகுச் சின்னம் கொண்ட வைர ப்ரோச்சை ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லர் தொலைபேசியில் கேட்டு எடுத்தார். 2011 டிசம்பரில் அவருடைய நகைகள் கிறிஸ்டீஸில் வந்தபோது அதே ப்ரோச் 13 லட்சம் டாலருக்கு மேல் போனது. அவருடைய கணவர், நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் அவருக்கு 1964இல் பரிசளித்த ஷ்லம்பெர்ழேயின் டால்ஃபின் ப்ரோச் அதே விற்பனையில் 12 லட்சம் டாலரைத் தொட்டது. அதில் எத்தனை டாலர் ஷ்லம்பெர்ழேக்கு, எத்தனை டாலர் டெய்லருக்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. நீங்கள் அணிவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் இந்த மாதிரி விற்பனைகளைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம். பெயரில்லாத ‘ஒரு சீமாட்டியின் நகை’யாக வரும் அதே ப்ரோச் பாதி வேதனையில் கிடைக்கும். மூலப் பெட்டி, கடை ரசீது ஆகியவை இருந்தால் மகிழ்ச்சி. ஆனால் பெட்டியைத் தனியாகவும் விற்கிறார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

படி 6: கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

சுத்தியல் விழும் விலை நீங்கள் கொடுக்கும் விலை அல்ல. அதன் மேல் வாங்குபவர் கட்டணம் உண்டு. பெரிய நிறுவனங்களில் அது கால் பங்கைத் தாண்டும். 40,000 டாலருக்கு எடுத்தீர்கள், கட்டணம் 26 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 10,400 சேர்ந்து 50,400. நியூயார்க்கில் நேரில் வாங்கிக்கொண்டால் 8.875 சதவீத விற்பனை வரி, அதாவது இன்னொரு 4,473. அதன் மேல் காப்பீடு, கூரியர், உங்கள் நாட்டுச் சுங்கம். சுங்க விகிதம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஏலத்துக்கு முந்திய வாரம் ஒரு சுங்க முகவரிடம் கேட்டுவிடுங்கள். பவளமோ தந்தமோ ஆமையின் ஓடோ பதித்த பழைய ப்ரோச் என்றால் எல்லை தாண்ட வனவிலங்கு வணிக உடன்படிக்கையின் அனுமதிச் சீட்டும் தேவைப்படலாம்.

சரி, உங்களிடம் வரிக்கு முன் மொத்தம் 50,000 டாலர்தான் இருக்கிறது. அதை 1.26ஆல் வகுங்கள்: சுமார் 39,680. அதுவே நீங்கள் கை தூக்கக்கூடிய கடைசி எண். தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 7: ஏலம் கேட்பது

நேரில், தொலைபேசியில், இணையத்தில், அல்லது முன்கூட்டியே எழுதிக் கொடுத்து என நான்கு வழி. ரத்தம் சூடாகும் ஆள் என்றால் எழுதிக் கொடுப்பதே மேல். அந்த எண்ணுக்கு உட்பட்டு, முடிந்த அளவு குறைவாக நிறுவனமே உங்களுக்காகக் கேட்கும்.

விற்பவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஒரு ரகசியக் குறைந்தபட்ச விலை இருக்கும். வழக்கமாக அது பட்டியலில் போட்ட கீழ் மதிப்பீட்டைத் தாண்டாது. அந்த விலை வரும் வரை ஏலம் விடுபவரே விற்பவர் சார்பில் விலையை ஏற்றிக்கொண்டு போகலாம். விதிமுறைகளிலேயே எழுதியிருக்கும். ஆகவே ஆரம்ப நொடிகளில் ‘எதிராளி’ யாரும் இல்லாமலேயே நீங்கள் மோதிக்கொண்டிருக்கக்கூடும். அவசரப்படாமல் இருங்கள். ஒரு தரம், இரண்டு தரம் என்று இழுக்கும் நம் ஊர் ஏலம் போல அங்கே நேரம் தரமாட்டார்கள். ஒரு லாட் (ஏலத்துக்கு வரும் ஒரு பொருள்) ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

விலை போகாமல் நின்றால் கதை முடியவில்லை. மறுநாள் நகைப் பிரிவுக்கு எழுதி, கீழ் மதிப்பீட்டை ஒட்டி ஒரு விலை சொல்லிப் பாருங்கள். விற்பவருக்கு நகையைத் திரும்ப எடுத்துப் போக மனசிருக்காது. எனக்குத் தெரிந்த நல்ல பேரங்கள் இப்படி அமைந்தவைதான்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

நம் கை பரபரக்கும். ‘கொஞ்சம் பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும்’ என்று தோன்றும். வேண்டாம். பாலிஷ் போடும்போது போவது தங்கத்தின் மேல்தோல் மட்டுமில்லை, முத்திரையின் எழுத்தும்தான். ஊசியை எடுத்துவிட்டு வளையம் வைத்துச் சங்கிலியில் தொங்கும் டாலராக மாற்றுவது இன்னும் மோசம். அந்த ஒரு பற்றாசுப் பொட்டு விலையில் பெரிய துண்டைக் கடித்துவிடும். உண்மையிலேயே ரிப்பேர் தேவை என்றால் லேசர் வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் போங்கள். சூடு அந்தப் புள்ளியோடு நின்றுவிடும்.

அல்ட்ராசோனிக் தொட்டியில் போடாதீர்கள். மரகதத்தின் எண்ணெய் போய்விடும், லாபிஸ் மங்கிவிடும். மிருதுவான துணி போதும்.

அணிவதிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கேரட் என்பது 0.2 கிராம். நூறு கேரட் சிட்ரின் மட்டுமே 20 கிராம், அதாவது இரண்டரைப் பவுன் எடை, பறவையையும் தங்கத்தையும் சேர்க்காமலே. கனமான கோட்டின் மடிப்புக்காக நினைத்துச் செய்த நகை இது. பட்டுச்சேலையின் தோள் மடிப்பில் ஒற்றையாகக் குத்தினால் பறவை தலைகுனியும், பட்டும் இழுபடும். குத்துகிற இடத்துக்கு உள்ளே, ரவிக்கையோடு சேர்த்து, ஒரு சின்னக் கம்பளித் துண்டை வைத்துக் குத்துங்கள். பறவை நிமிர்ந்து நிற்கும்.